அறிஞர் சொல் அம்பலம் ஏறிய கதை

காலநிலை விஞ்ஞானத்தை மக்களுக்கும் ஆட்சியாளருக்கும் எடுத்துரைப்பது பற்றிய ஒரு பாடம்

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. கற்றறிந்தவர் சொல்லாவது தடையின்றி அம்பலம் ஏறுகின்றதா? நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் புவி வெப்பமடையக்கூடும் என்பதை விஞ்ஞானிகள் ஓர் அமெரிக்க ஜனாதிபதிக்கு எழுத்தில் கொடுத்த ஆண்டு 1965. அந்த வெப்பத்தை எந்த அளவுக்குள் நிறுத்த வேண்டும் என்று உலக நாடுகள் பாரிஸ் நகரில் கூடி உடன்பட்ட ஆண்டு 2015. இடையில் ஐம்பது ஆண்டுகள் கழிந்தன.

அந்த ஐம்பது ஆண்டுகள் வெறுமனே கழியவில்லை. 1850 முதல் 2019 வரை மனிதன் வளிமண்டலத்தில் சேர்த்த காபனீரொட்சைட்டில், நூற்றுக்கு 42 பங்கு 1990ஆம் ஆண்டுக்குப் பின்னரே சேர்ந்தது. அஃதாவது, அரசுகளின் மேசைக்கு முதலாவது சர்வதேச அறிக்கை வந்துசேர்ந்த பின்னர். அறியாமல் செய்தது வேறு. அறிவிக்கப்பட்ட பின்னரும் செய்தது வேறு. இந்த இரண்டாவது வகைக்கு யார் யார் பொறுப்பு? சொன்னவர்கள் சொன்ன முறையில் குறை இருந்ததா? கேட்டவர்கள் கேட்ட முறையில் குறை இருந்ததா? இவ்வினாக்களையே இக்கட்டுரை ஆராய்கின்றது. வீட்டில் பெரியோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசித்துக் கலந்துரையாடத்தக்க விடயம் இது.

வானிலையும் காலநிலையும்

முதலில் இரு சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். இன்று மழை பெய்யுமா, காற்று வீசுமா என்பது வானிலை. ஓர் இடத்தின் வானிலையைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து அளந்து, அதிலிருந்து பெறும் பொதுவான போக்கே காலநிலை. முப்பது ஆண்டுக் கணக்கை எடுப்பது வழக்கம்.

நம் நாட்டில் இவ்வேறுபாடு எளிதில் மறைந்துவிடுகின்றது. இரண்டு நாட்கள் கடும் மழை பெய்தால் வானொலிச் செய்தி, “சீரற்ற காலநிலை காரணமாக” என்றே தொடங்குகின்றது. அங்கு பேசப்படுவது வானிலை. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கேட்டுப் பழகிய ஒருவரிடம், “காலநிலை மாறி வருகின்றது” என்று விஞ்ஞானி சொன்னால், “அது நாளாந்தம் மாறுவதுதானே” என்று அவர் எண்ணுவதில் வியப்பில்லை. சொல்பவர் ஒன்றை நினைக்க, கேட்பவர் வேறொன்றை விளங்கிக்கொள்ளும் இடம் இது. விஞ்ஞானத்தை எடுத்துரைப்பதில் உள்ள இடர்ப்பாடு இப்படித்தான் ஆரம்பமாகின்றது.

அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் 1988இல் இவ்வேறுபாட்டைத் தாயக்கட்டையைக் கொண்டு விளக்கினார். ஆறு முகம் கொண்ட ஒரு கட்டை. முன்னைய காலத்தில் அதன் இரண்டு முகங்கள் வெப்பமான கோடையைக் குறித்தன என்று கொள்வோம். புவி வெப்பமடையும்போது அந்த முகங்கள் மூன்றாகின்றன, நான்காகின்றன. ஒருமுறை உருட்டும்போது எந்த முகம் விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. பலமுறை உருட்டினால் வெப்ப முகம் அடிக்கடி விழும் என்பதை எவராலும் சொல்ல முடியும். ஒருமுறை உருட்டி விழுவது வானிலை. கட்டையில் எத்தனை முகங்கள் வெப்பத்தைக் குறிக்கின்றன என்பது காலநிலை. தாயம் விளையாடத் தெரிந்த சிறுபிள்ளைக்கும் இது விளங்கும்.

அறிந்திருந்தும் எட்டாத சொல்

1958ஆம் ஆண்டு சாள்ஸ் டேவிட் கீலிங் என்னும் இளம் அமெரிக்க விஞ்ஞானி, ஹவாய்த் தீவில் மௌனா லோவா எரிமலையின் சரிவில் வளியிலுள்ள காபனீரொட்சைட்டை அளக்கத் தொடங்கினார். அப்பொழுது வளியின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்கு அவ்வாயு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன்னர் அது ஏறத்தாழ 280 ஆக இருந்தது என்பது பின்னர் பனிக்கட்டியில் அகப்பட்டிருந்த பழைய வளியை ஆராய்ந்தபோது தெரியவந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது.

கீலிங் வரைந்த கோடு ஓர் அரத்தின் பல்லைப் போன்று ஏறி இறங்கும். வட அரைக்கோளத்து மரங்கள் கோடையில் துளிர்த்து வாயுவை உள்ளிழுக்கும்போது கோடு இறங்கும். இலையுதிர்ந்து உக்கும்போது ஏறும். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் முன்னைய ஆண்டினும் சற்று உயரத்தில் நிற்கும். கணிதம் கற்காதவரும் விரலால் தொட்டுத் தொடர்ந்து செல்லக்கூடிய கோடு அது. கீலிங் 2005இல் மறையும்வரை இப்பணியை விடவில்லை.

இதையும் இதுபோன்ற ஆய்வுகளையும் கொண்டு, 1965இல் ஜனாதிபதி ஜோன்சனின் விஞ்ஞான ஆலோசனைக் குழு எச்சரிக்கை விடுத்தது. ஆனால் அவ்வெச்சரிக்கை, சூழல் மாசடைதல் பற்றிய ஒரு பெரிய அறிக்கையின் பின்னிணைப்பு ஒன்றில் இடம்பெற்றிருந்தது. அதில் இன்னொரு விடயமும் கவனிக்கத்தக்கது. பரிகாரமாக அது ஆராய்ந்தது, கடற்பரப்பில் ஒளியைத் தெறிக்கச் செய்யும் துணிக்கைகளைத் தூவும் ஒரு யோசனையை மட்டுமே. எரிபொருளை எரிப்பதைக் குறைப்பது பற்றி அங்கு பேச்சில்லை.

1979இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம், வளிமண்டலவியல் அறிஞர் ஜூல் சார்னி தலைமையில் ஒரு குழுவைக் கூட்டியது. காபனீரொட்சைட்டு இருமடங்கானால் புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 3 பாகை செல்சியஸ் உயரும். கூடியும் குறைந்தும் ஒன்றரைப் பாகை வேறுபடலாம் என்று அக்குழு கணித்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 2021இல் வெளிவந்த சர்வதேச அறிக்கை கொடுத்த சிறந்த மதிப்பீடும் 3 பாகையே. அறிஞர்கள் அன்றே சரியாகச் சொல்லிவிட்டனர். ஆயினும் அவர்களின் மொழி அறிஞர்களுக்கான மொழியாக இருந்தது. அவர்களின் வாசகர்களும் அறிஞர்களாகவே இருந்தனர். உண்மை அச்சேறியது, அம்பலம் ஏறவில்லை.

கேட்கப்பட்ட சொல்: ஓசோன் படை

இதே காலப்பகுதியில் வேறோர் எச்சரிக்கை வெகுவிரைவில் உலகின் செவியில் ஏறியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல பாடமாகும்.

1974ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மரியோ மொலினா, ஷேர்வுட் றோலண்ட் என்னும் இரு இரசாயனவியலாளர், குளிர்சாதனப் பெட்டிகளிலும் வாசனைத் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன் வாயுக்கள் வளிமண்டலத்தின் உயரத்திற்குச் சென்று, சூரியனின் புறஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் ஓசோன் படையை அரிக்கும் என்று அறிவித்தனர். அவர்கள் கட்டுரையை அச்சிட்டதோடு நின்றுவிடவில்லை. பத்திரிகையாளரைச் சந்தித்தனர், பாராளுமன்றக் குழுக்களின் முன் சென்றனர். விஞ்ஞானிக்கு இது அழகல்ல என்று முகம் சுளித்தோரும் உண்டு.

1985இல் பிரித்தானிய அந்தாட்டிக்க ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் பார்மனும் அவருடைய தோழர் இருவரும், அந்தாட்டிக்காவுக்கு மேலே வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைந்துபோவதை அளந்து வெளியிட்டனர். அதற்கு “ஓசோன் துவாரம்” என்று பெயர் வந்தது. உண்மையில் அங்கு துவாரம் எதுவும் இல்லை. படை மிக மெலிந்துவிட்டது, அவ்வளவே. எனினும் கூரையில் ஓட்டை விழுந்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு சொல் பல நூறு பக்கங்களின் வேலையைச் செய்தது. வரும் தீங்கும் தோலில் தோன்றும் புற்றுநோய் என்று உடலோடு ஒட்டியதாக இருந்தது.

இரண்டே ஆண்டுகளில், 1987 செப்ரெம்பர் 16ஆம் நாள், மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இன்று உலகின் எல்லா நாடுகளும் அதில் இணைந்துள்ளன. 1995இல் மொலினாவும் றோலண்டும், போல் குருட்சன் என்னும் அறிஞரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இப்போதைய நடைமுறைகள் தொடர்ந்தால், அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் 2066ஆம் ஆண்டளவில் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்று 2023இல் வெளியான ஐ.நா. மதிப்பீடு கூறுகின்றது.

இவ்வெற்றியைச் சொல்வன்மைக்கு மாத்திரம் உரியதாக்குவது நேர்மையாகாது. அந்த வாயுக்களை உற்பத்தி செய்தவை சில கம்பனிகளே. மாற்று வாயுக்களும் கிடைத்தன. நிலக்கரியும் எண்ணெயும் அப்படியல்ல. அடுப்பு முதல் ஆகாய விமானம் வரை உலகப் பொருளாதாரமே அவற்றின்மீது ஓடுகின்றது. ஆயினும், “இன்னதால் இன்ன தீங்கு, இதைச் செய்தால் அது நிற்கும்” என்று மூன்று பகுதிகளையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தமை ஓசோன் விடயத்தில் பேருதவி புரிந்தது. 1965இன் எச்சரிக்கையில் இல்லாதிருந்தது அந்த மூன்றாவது பகுதியே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஓசோன் துவாரத்தின் வழியாக வெப்பம் உள்ளே வருவதால்தான் புவி சூடாகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. புவி வெப்பமடைவதற்கு முதற்காரணம், காபனீரொட்சைட்டு போன்ற வாயுக்கள் புவியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தடுத்து வைத்திருப்பதே. மனதில் நன்கு பதியும் உவமை, தன் எல்லையைத் தாண்டியும் வேலை செய்யும். உவமை சொல்பவர் அது எங்கே முடிகின்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

1988 யூன் 23

அன்று வாஷிங்டனில் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை. நாடெங்கும் கடும் வரட்சி. அமெரிக்க செனட் சபையின் சக்திவளக் குழுவின் முன் ஜேம்ஸ் ஹான்சன் சாட்சியமளித்தார். அவர் சொன்னவை மூன்று. கருவிகளால் அளக்கத் தொடங்கிய காலந்தொட்டு இவ்வளவு வெப்பமாகப் புவி இருந்ததில்லை. பச்சைவீட்டு விளைவே இதற்குக் காரணம் என்று மிகுந்த நம்பிக்கையோடு கூறலாம். கோடை வெப்ப அலைகள் போன்றவை நிகழும் சாத்தியம் ஏற்கெனவே கூடத் தொடங்கியுள்ளது. புவி உண்மையாகவே வெப்பமடைகின்றது என்பது நூற்றுக்கு 99 உறுதி என்றும் அவர் சொன்னார்.

மறுநாள் இச்செய்தி நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் முதற்பக்கத்தில் வந்தது. சக விஞ்ஞானிகள் சிலர், இவர் அளவுக்கு மீறிச் சொல்லிவிட்டார் என்று முணுமுணுத்தனர். ஆனால் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட அளவீடுகள் அவர் கூற்றின் சாரத்தை உறுதிப்படுத்தியுள்ளன.

அந்த நாளைப் பற்றி ஒரு சுவையான கதை நெடுங்காலம் உலவியது. விசாரணையை ஒழுங்கு செய்த செனட்டர் ரிமதி வேர்த், முதல்நாள் இரவே மண்டபத்தின் சாளரங்களைத் திறந்து வைத்து, குளிரூட்டி வேலை செய்யாதபடி பார்த்துக்கொண்டார் என்பதே அக்கதை. எல்லோரும் வியர்வை சிந்தியபடி வெப்பத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதற்காகவாம். வேர்த்தும் இதனைச் சொல்லி வந்தார். பின்னர் 2015இல், அப்படி நடக்கவில்லை எனத் தாம் அறிந்துகொண்டதாக அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குள், காலநிலை விஞ்ஞானம் ஒரு நாடகம் என்று பழித்தவர்களின் கையில் அக்கதை ஒரு கல்லாகிவிட்டது. உண்மைக்கு அலங்காரம் செய்யப்போய் அதன் நாணயத்தைக் குறைப்பது எவ்வளவு எளிது என்பதை இதிலிருந்து அறிகின்றோம்.

“இருக்கலாம்” என்பதற்கும் ஓர் அளவு உண்டு

அதே 1988ஆம் ஆண்டில், உலக வளிமண்டலவியல் நிறுவனமும் ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் சேர்ந்து, காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளிடைக் குழுவை நிறுவின. இக்குழு தானாக ஆய்வு செய்வதில்லை. உலகெங்கும் வெளிவரும் ஆய்வுகளை அறிஞர்கள் திரட்டி மதிப்பிடுகின்றனர். முடிவில், ஆட்சியாளருக்கென ஒரு சுருக்கம் தயாரிக்கப்படுகின்றது. அச்சுருக்கத்தின் ஒவ்வொரு வரியையும் அரசுகளின் பிரதிநிதிகள் அறிஞர்களுடன் அமர்ந்து வாசித்து ஏற்றுக்கொள்ள வேண்டும். இதனால் வேகம் குறைகின்றது. சொற்கள் சில வேளைகளில் மழுங்குகின்றன. ஆனால் ஏற்றுக்கொண்ட பின், “எங்களுக்குத் தெரியாது” என்று எந்த அரசும் சொல்ல முடியாது.

வெப்பமடைவதற்கு மனிதன் காரணமா என்ற ஒரே வினாவுக்கு இக்குழு கொடுத்துவந்த விடைகளைப் பாருங்கள். 1990இல், உறுதியாகச் சொல்ல இன்னும் காலம் தேவை என்றது. 1995இல், மனிதனின் பங்கு புலப்படுகின்றது என்றது. 2001இல், பெரும்பாலும் மனிதனே காரணம் என்றது. இதன் பொருள் நூற்றுக்கு 66க்கு மேற்பட்ட சாத்தியம். 2007இல் அது 90க்கு மேலாயிற்று. 2013இல் 95க்கு மேலாயிற்று. 2021இல், ஐயத்திற்கு இடமில்லை என்று கூறியது. ஆதாரம் வளர வளரச் சொல்லும் வளர்ந்தது. ஆதாரத்தை முந்திச் சொல் ஓடவில்லை. இது விஞ்ஞானத்தின் பலவீனமன்று, அதன் நாணயம்.

ஆயினும் இங்கும் ஒரு தடை உண்டு. “மிகவும் சாத்தியம்” என்று குழு எழுதினால் அதன் பொருள் நூற்றுக்கு 90க்கு மேல் என்பதாகும். உளவியலாளர் டேவிட் புடெஸ்குவும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பொதுமக்கள் இத்தகைய சொற்களை வாசிக்கும்போது குழு கருதிய அளவிலும் மிகக் குறைந்த அளவையே மனதில் கொள்கின்றனர் என்று கண்டனர். சொல்லோடு எண்ணையும் சேர்த்து அச்சிட்டால் விளக்கம் சீரடையும் என்பது அவர்களின் பரிந்துரை.

தமிழில் பேசும் நமக்கு இத்தகைய இடறுகட்டைகள் இன்னும் உள. “கொள்கை” என்னும் ஒரே சொல்லால் அரசின் திட்டத்தையும் விஞ்ஞானத்தின் கோட்பாட்டையும் குறிக்கின்றோம். அரசு மாறினால் கொள்கை மாறும். ஆகவே விஞ்ஞானக் கொள்கையும் விருப்பம்போல் மாறத்தக்கது என்று ஒருவர் எண்ணிவிடக்கூடும். விஞ்ஞான பாடத்தில் “வழு” என்பது எந்த அளவீட்டிலும் தவிர்க்க முடியாத சிறு வேறுபாடு. வெளியில் அதே சொல்லுக்குப் பொருள் குற்றம். “நேர்ப் பின்னூட்டல்” என்றால் ஏதோ நன்மை போலத் தோன்றும். உண்மையில், பனி உருகுவதால் வெப்பம் கூடி, அவ்வெப்பத்தால் மேலும் பனி உருகும் தீய சுழற்சியே அது. இச்சொற்களை வகுப்பறையில் பயன்படுத்தலாம். சந்தியில் நின்று பேசும்போது பொருளை விரித்துச் சொல்வதே முறை.

ஐயத்தை விதைத்தோர்

சொல்லின் வலிமையை விஞ்ஞானிகளிலும் நன்கு அறிந்தவர்கள் வேறு சிலர். 2002இல் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் ஆலோசகர் பிராங்க் லன்ஸ் ஒரு குறிப்பு எழுதினார். விஞ்ஞானிகளிடையே உறுதி இல்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். “உலகம் வெப்பமடைதல்” என்பது மக்களை அச்சுறுத்துகின்றது, “காலநிலை மாற்றம்” என்பது அவ்வளவு அச்சுறுத்தவில்லை, ஆகவே அதையே பயன்படுத்துங்கள் என்பது அவருடைய ஆலோசனை. 2019இல் அவரே செனட்டர்கள் முன் தோன்றி, தாம் அன்று தவறிவிட்டதாகக் கூறினார். இடையில் பதினேழு ஆண்டுகள்.

பத்திரிகைகளும் தம்மை அறியாமல் இதற்குத் துணைபோயின. நான்கு பெரிய அமெரிக்கப் பத்திரிகைகள் 1988 முதல் 2002 வரை வெளியிட்ட கட்டுரைகளை இரு ஆய்வாளர் சோதித்தனர். அரைவாசிக்குச் சற்று மேற்பட்டவை, மனிதனே காரணம் என்போருக்கும் இயற்கையே காரணம் என்போருக்கும் ஏறத்தாழ சமமான இடம் கொடுத்திருந்தன. பக்கச்சார்பின்மை என்ற நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டதே அது. ஆனால் தராசின் ஒரு தட்டில் ஆயிரம் ஆய்வுகளையும் மறுதட்டில் இரண்டொருவரின் மறுப்பையும் வைத்து, முள்ளை நடுவில் பிடித்து நிறுத்துவது நடுநிலையன்று.

தவறு நேர்ந்தபோது

அரசுகளிடைக் குழுவும் தவறு விட்டதுண்டு. 2007ஆம் ஆண்டின் ஏறத்தாழ ஆயிரம் பக்கங்கள் கொண்ட ஒரு தொகுதியில், இமயமலையின் பனியாறுகள் 2035ஆம் ஆண்டளவில் மறைந்துபோகக்கூடும் என்று ஒரு பந்தி இருந்தது. முறையாகச் சோதிக்கப்பட்ட ஆய்வு எதுவும் அதற்கு ஆதாரமாக இருக்கவில்லை. கேள்வி எழுந்தபோது குழுவின் தலைவர் அதனை அலட்சியமாகத் தள்ளிவிட்டார். 2010 ஜனவரியில் குழு தவறை ஏற்று வருத்தம் தெரிவித்தது. ஆனால் அதற்குள் ஏனைய பக்கங்களின்மீதும் சந்தேகம் படிந்துவிட்டது. பனியாறுகள் உருகுகின்றன என்பது உண்மை. அந்த ஆண்டுக்கணக்கே பிழை. கேள்வி கேட்டவரை முதல் நாளே மதித்திருந்தால் சேதம் சிறிதாக இருந்திருக்கும்.

வாகனத் தரிப்பிடத்தில் சில வசனங்கள்

இறுதியாக ஓர் உதாரணம். வீரபத்திரன் இராமநாதன் தமிழகத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் வளிமண்டல விஞ்ஞானி. குளோரோபுளோரோகாபன் வாயுவின் ஒரு மூலக்கூறு, வெப்பத்தைத் தடுத்து வைப்பதில் காபனீரொட்சைட்டு மூலக்கூறு ஒன்றிலும் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வலிமை வாய்ந்தது என்பதை 1975இல் கண்டறிந்தவர் அவரே. 2004 முதல் பாப்பிறை விஞ்ஞானக் கழகத்தின் அங்கத்தவர்.

2014 மே மாதத்தில் வத்திக்கானில் விஞ்ஞானிகளும் சமூகவியலாளரும் கூடிய ஒரு கருத்தரங்கு நடைபெற்றது. அதன்போது பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களுடன் வாகனத் தரிப்பிடத்தில் சிறிது நேரம் பேசும் வாய்ப்பு இராமநாதனுக்குக் கிட்டியது. நாற்பது ஆண்டு ஆராய்ச்சியைச் சில வசனங்களுள் அடக்க வேண்டும். அவர் வாயுக்களின் பெயரைச் சொல்லவில்லை. பாகைக் கணக்கைச் சொல்லவில்லை. மாசின் பெரும்பகுதி உலகின் செல்வந்தரான நூறு கோடிப் பேரால் வருகின்றது. அதனால் மிகவும் துன்புறப்போகின்றவர்கள் ஏழைகளான முந்நூறு கோடிப் பேர் என்றார். தாம் என்ன செய்யலாம் என்று பாப்பரசர் கேட்டார். பூமியின் நல்ல பராமரிப்பாளராக இருக்கும்படி உங்கள் உரைகளில் மக்களிடம் கேளுங்கள் என்றார் இராமநாதன். அடுத்த ஆண்டு, 2015 யூன் 18இல், பாப்பரசரின் லவுதாத்தோ சீ என்னும் சுற்றுமடல் வெளிவந்தது. அந்த மடல் ஒருவரின் சொல்லால் உருவானதன்று. பலரின் உழைப்பு அதில் உண்டு. ஆயினும் அந்தச் சில வசனங்களின் அமைப்பை உற்றுநோக்குங்கள். காரணம், அதனால் துன்புறுவோர், செய்யத்தக்கது ஆகிய மூன்றும் அதில் உள. கேட்பவர் ஏற்கெனவே யாருக்காகக் கவலைப்படுகின்றாரோ, அவர்களைப் பற்றியே விஞ்ஞானி பேசினார். உண்மையில் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

நாம் கற்பன

சொல்பவருக்கு நான்கு கடமைகள் உள. தெரிந்ததை முதலில் சொல்லுதல். அது எவ்வளவு உறுதி என்பதை எண்ணோடு சொல்லுதல். கேட்பவர் வழங்கும் சொற்களில் சொல்லுதல். செய்யத்தக்கது ஒன்றையாவது காட்டுதல். அச்சத்தை மட்டும் கொடுத்துவிட்டு வழியைக் கொடாதவர், கேட்பவரைச் செவியை மூடிக்கொள்ளவே தூண்டுகின்றார்.

கேட்பவருக்கும் கடமைகள் உள. ஒரு நாள் மழையைக் கொண்டோ ஒரு நாள் வெயிலைக் கொண்டோ தீர்ப்புக் கூறாதிருத்தல். “முற்றாக நிரூபித்தால்தான் நம்புவோம்” என்று காத்திராதிருத்தல். மழை வருமென நூற்றுக்கு 90 சாத்தியம் இருந்தால், உலரப்போட்ட நெல்லை நாம் அள்ளி வைக்கின்றோம். நூற்றுக்கு நூறாகட்டும் என்று பார்த்திருப்பதில்லை. ஒரு கூற்றைக் கேட்டவுடன், இதைச் சொல்பவர் யார், எதைக்கொண்டு சொல்கின்றார், இதனால் அவருக்கு என்ன இலாபம் என்று வினவுதல். கைத்தொலைபேசியில் வந்து விழும் செய்தியை மற்றவருக்கு அனுப்புமுன் இந்த மூன்று வினாக்களையும் கேட்பது நம் வீடுகளில் வழக்கமாக வேண்டும்.

ஆட்சியாளர் தாமாக முன்வந்து செவி சாய்ப்பது அரிது. தம் வாக்காளர் கேட்கும் வினாவுக்கே அவர்கள் விடை தேடுவர். ஓசோனைப் பற்றி அமெரிக்கக் குடும்பங்கள் கேட்டன. சட்டம் வருமுன்னரே பலர் அந்த வாயு அடைத்த தெளிப்பான்களை வாங்காது விட்டனர். ஆகவே அறிஞர் சொல் அம்பலம் ஏறும் வழி நம் வீட்டு முற்றத்தின் ஊடாகவே செல்கின்றது. அவ்வழியைத் திறந்து வைத்திருப்பது நம் பொறுப்பு.

குடும்பமாகக் கலந்துரையாட

1. இவ்வாரம் வானொலியிலோ பத்திரிகையிலோ “காலநிலை” என்ற சொல் எத்தனை இடங்களில் வந்தது? அவற்றுள் வானிலையைக் குறித்தவை எவை?

2. வீட்டிலுள்ள முதியோரிடம், அவர்களின் இளமைக்காலத்து மழையையும் வெயிலையும் பற்றிக் கேளுங்கள். அவர்களின் நினைவு ஒரு விஞ்ஞானிக்கு எவ்வளவு பயன்படும்? அதனால் மட்டும் நிரூபிக்க முடியாதது எது?

3. உங்கள் ஊர்ப் பிரதேச சபை உறுப்பினரோடு வீதியில் ஒரு நிமிடம் பேசக் கிடைத்தால், காரணம், துன்புறுவோர், செய்யத்தக்கது ஆகிய மூன்றும் அடங்க எதைச் சொல்வீர்கள்? ஒவ்வொருவரும் மூன்று வசனங்களில் எழுதி, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் சிறிய பிள்ளைக்கு விளங்காத சொல் எதுவோ, அதை மாற்றி எழுதுங்கள்.